ஜெல்லில் ஒரே பட்டை, குவெட்டில் ஒன்றுமில்லை: பைருவேட் கார்பாக்சிலேஸ் பிரித்த கதை

போன வியாழக்கிழமை சாயங்காலம் கேண்டீனில் ஒரு பச்சை முட்டை கேட்டு வாங்கினேன். கேண்டீன் அண்ணன் ஒரு மாதிரி பார்த்தார். வெள்ளைக்கருவை மட்டும் குழாயில் எடுத்து, அதே அளவு பஃபர் ஊற்றி, துணியில் வடிகட்டினேன். அதில் 50 மைக்ரோலிட்டரை நொதியோடு பத்து நிமிடம் வைத்துவிட்டு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் அளந்தேன். நொதி வேலை செய்தால் திரையில் கோடு இறங்க வேண்டும்; அது படுத்தது படுத்தபடி கிடந்தது. முட்டை சேராத நொதி போட்ட குவெட்டில் (ஒளி புகும் சிறு அளவைக் குப்பி) அதே கோடு சரசரவென்று இறங்கியது. வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின் என்ற புரதம் பயோட்டின் என்ற வைட்டமினைக் கவ்விப் பிடிக்கும்; என் நொதிக்கு அந்தப் பயோட்டின் இல்லாமல் ஓடாது. வெள்ளைக்கருவில் முதலில் பயோட்டினைக் கலந்து, அதன் பிறகு நொதியைச் சேர்த்தபோது மறுபடியும் இறங்கியது. நான் அளப்பது பயோட்டின் நொதியைத்தான் என்று நிச்சயமாக எட்டு மாதம் ஆகியிருக்கிறது. அதில் ஐந்து மாதம் தேவையே இல்லாமல் போனது. அந்த ஐந்து மாதத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நொதியின் பெயர் பைருவேட் கார்பாக்சிலேஸ். பைகார்பனேட்டில் இருக்கும் கார்பனைப் பைருவேட்டோடு சேர்த்து ஆக்சலோஅசிட்டேட் ஆக்கும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவு. 1960 வாக்கில் அட்டர், கீச் என்ற ஆய்வாளர்கள் முதலில் கோழி ஈரலில் கண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது ரைசோபியம் எட்லி என்கிற மண் பாக்டீரியாவின் நொதி. பீன்ஸ் வேரில் முடிச்சு போடுமே, அந்த வகை பாக்டீரியா. இதன் படிக அமைப்பு 2007இல் வெளியானது. ஒரு சங்கிலிக்கு 1154 அமினோ அமிலங்கள், சுமார் 126 கிலோடால்டன். நான்கு சங்கிலி சேர்ந்தால்தான் நொதி. வால் பக்கம் 1119ஆவது லைசினில் பயோட்டின் தொங்கும். ஓரிடத்தில் கார்பனை ஏற்றிக்கொண்டு இன்னோரிடத்தில் கொண்டுபோய் இறக்குவது அந்தப் பயோட்டின்தான். அது இல்லாத சங்கிலி, வாளி கட்டாத கிணற்றுக் கயிறு.

இந்த நொதியின் ஜீனை ஈ.கோலை என்கிற குடல் பாக்டீரியாவில் போட்டு வளர்ப்பதில் ஒரு வசதி உண்டு. ஈ.கோலைக்குச் சொந்தமாகப் பைருவேட் கார்பாக்சிலேஸ் கிடையாது. அது பாஸ்போஈனால்பைருவேட் வழியாக அந்த வேலையை முடித்துக்கொள்கிறது. அதனால் கிடைக்கிற செயல்பாடு எல்லாம் நம்முடையது என்று நினைத்தேன். நினைப்பு சரிதான், அளந்த விதம்தான் தப்பு.

முதல் வளர்ப்பில் எல்லாமே சுலபமாக நடந்தது. பிளாஸ்மிட் (ஜீனைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) வேறோர் ஆய்வகத்திலிருந்து கிடைத்தது, நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் வால் உள்ளது. பிஎல்21(டிஈ3) என்ற ஈ.கோலை செல், எல்பி என்ற வளர்ப்பு ஊடகம் 2 லிட்டர், 37 டிகிரியில் வளர்த்து, ஜீனை முடுக்கும் ஐபிடிஜி போட்டு நாலு மணி நேரம். செல்லை உடைத்து நிக்கல் ரெசினில் ஓட்டி, ஒட்டிய புரதத்தை 250 மில்லிமோலார் இமிடசோலில் இறக்கினேன். புரதங்களை அளவுப்படி பிரிக்கும் 8 சதவீத ஜெல்லில் 126 கிலோடால்டனுக்கு நேராக ஒரே பட்டை. கீழே தூசுகூட இல்லை. ஜெல்லைப் படம் எடுத்து மொபைலில் வைத்துக்கொண்டு கேட்டவர்களுக்கெல்லாம் காட்டினேன். 2 லிட்டருக்கு 40 மில்லிகிராம் புரதம்.

அப்புறம் செயல்பாட்டை அளந்தேன். மில்லிகிராமுக்கு 0.7 யூனிட் (ஒரு யூனிட் என்றால் நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல்).

அளக்கும் முறை இதுதான். நொதி ஆக்சலோஅசிட்டேட்டை உண்டாக்கும். குவெட்டில் கூடவே போட்டிருக்கும் மாலேட் டிஹைட்ரஜினேஸ் அதைப் பிடித்து மாலேட் ஆக்கும். அப்போது ஒரு என்ஏடிஎச் செலவாகும். என்ஏடிஎச் 340 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும், அதனால் 340இல் கோடு இறங்குகிற வேகம்தான் நொதியின் வேகம். 1 மில்லி குவெட்டில் நிமிடத்துக்கு 0.1 இறங்கினால் 0.016 மைக்ரோமோல். இதில் மாலேட் டிஹைட்ரஜினேஸ் குறைவாக இருந்தால் ஆரம்பத்தில் கோடு தயங்கித் தயங்கித்தான் இறங்கும். அதை இரட்டிப்பாக்கிப் பார்த்து, வேகம் மாறவில்லை என்றால் போதுமான அளவு இருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருந்தேன். அது ஒன்றுதான் முதல் நாளே சரியாகச் செய்தது.

0.7 என்பது இந்த மாதிரி நொதிக்குக் கேவலமான எண். ஆனால் உடைத்த செல்லின் கச்சாக் கரைசலில் அளந்தால் கோடு குதித்துக் குதித்து இறங்கியது. கச்சாவில் அவ்வளவு இருந்து சுத்தம் செய்ததும் காணாமல் போகிறது என்றால், நிக்கல் ரெசின்தான் நொதியைக் கொல்கிறது என்று முடிவு கட்டினேன். மூன்று வாரம் ரெசினை மாற்றினேன், இமிடசோலைக் குறைத்தேன், கியூ-செஃபரோஸ் என்ற வேறு ரெசினில் ஓட்டினேன். டிடிடி என்கிற ஒடுக்கியைப் போட்டால் நொதி பிழைக்கும் என்று யாரோ சொல்ல, அதையும் போட்டேன். நிக்கல் ரெசின் பழுப்பு நிறமாகி வீணானது. (டிடிடி நிக்கலை ஒடுக்கிவிடும். கட்டாயம் வேண்டும் என்றால் பீட்டா-மெர்காப்டோஎத்தனால் கொஞ்சமாகப் போடலாம். ஈடிடிஏ போட்டால் நிக்கலையே உருவிக்கொண்டு போய்விடும்.)

எங்கள் ஆய்வகத்து அக்கா ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏடிபி போடாமல் ஓட்டிப் பார்த்தியா?" ஓட்டினேன். அதே வேகத்தில் இறங்கியது. அப்போதுதான் புரிந்தது. ஈ.கோலையிடம் லாக்டேட் டிஹைட்ரஜினேஸ் இருக்கிறது. நான் குவெட்டில் 10 மில்லிமோலார் பைருவேட்டும் என்ஏடிஎச்சும் கொட்டி வைத்திருக்கிறேன். அதற்கு விருந்து வைத்த மாதிரி. பைருவேட்டை லாக்டேட் ஆக்கி என்ஏடிஎச்சைத் தின்கிறது. சவ்விலிருந்து வரும் என்ஏடிஎச் ஆக்சிடேஸ் அது பங்குக்கும் தின்கிறது. கச்சாவில் நான் அளந்தது கிட்டத்தட்ட முழுக்க இவர்கள் இருவரின் வேலை. அன்றிலிருந்து ஏடிபி இல்லாத குவெட் ஒன்று எப்போதும் பக்கத்தில் ஓடும். அதைக் கழித்த பிறகுதான் எண்ணை நோட்டில் எழுதுவேன்.

ஆக, ரெசின் நொதியைக் கொல்லவில்லை. நொதி ஆரம்பத்திலிருந்தே செத்துத்தான் இருந்தது.

பயோட்டின் உள்ள புரதத்தை மட்டும் காட்டும் ஸ்ட்ரெப்டவிடின் பிளாட் போட்டதும் விஷயம் வெளியே வந்தது. ஈ.கோலை தன் தேவைக்கு ஒரே ஒரு புரதத்தில்தான் பயோட்டினை ஒட்டுகிறது; அசிட்டைல்-கோஏ கார்பாக்சிலேஸின் சிறிய துண்டு அது, ஜெல்லில் 22 கிலோடால்டன் பக்கம் ஓடும். பிளாட்டில் அந்தப் பட்டை கறுப்பாகப் பளிச்சென்று இருந்தது. என்னுடைய 126 கிலோடால்டன் இடத்தில் பென்சிலால் லேசாகக் கீறின மாதிரி ஒரு நிழல். சாதாரணச் சாயம் போட்ட ஜெல்லில் என் பட்டை தடியனாகவும் மற்றது கண்ணுக்கே தெரியாமலும் இருந்ததை நினைத்தால் சிரிப்பு வந்தது, கொஞ்சம் அழுகையும்.

பயோட்டினை ஒட்டுகிற நொதி பிர்ஏ. ஈ.கோலை அதைச் சொற்பமாகத்தான் வைத்துக்கொள்ளும். ஒரே ஒரு புரதத்துக்கு அது போதும். நாம் ஐபிடிஜி ஊற்றி ஆயிரக்கணக்கில் சங்கிலிகளைக் கொட்டினால் அது என்ன செய்யும்? எல்பி ஊடகத்திலும் பயோட்டின் அதிகம் கிடையாது. ஆக இரண்டையும் கூட்ட வேண்டும். பிர்ஏ ஜீன் உள்ள இன்னொரு பிளாஸ்மிட்டைச் செல்லுக்குள் சேர்த்தேன். இரண்டு பிளாஸ்மிட்டும் ஒன்றை ஒன்று வெளியே தள்ளாத வகையாக இருக்க வேண்டும், ஆன்டிபயாடிக்கும் வேறு வேறாக வேண்டும். என்னுடையது கனாமைசின், இது குளோரம்ஃபெனிகால். ஊடகத்தில் பயோட்டின் 50 மைக்ரோமோலார்.

பயோட்டின் கரைப்பது தனிக் கூத்து. தண்ணீரில் மில்லிலிட்டருக்கு 0.2 மில்லிகிராம்தான் கரையும். நான் செறிவான ஸ்டாக் செய்கிறேன் என்று தண்ணீரில் போட்டு, சூடாக்கி, கலக்கி, கரைந்துவிட்டது என்று நம்பி 0.2 மைக்ரான் வடிகட்டியில் தள்ளினேன். ஆறியதும் திரும்பத் திரண்டதில் பாதி வடிகட்டியிலேயே தங்கிவிட்டது. முதல் பிர்ஏ வளர்ப்பு சுமாராக வந்ததற்கு அதுதான் காரணம் என்பது என் ஊகம். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் சொட்டுச் சொட்டாகக் கரைத்தால் ஒரு நிமிட வேலை. 2 லிட்டருக்கு 24 மில்லிகிராம் போகிறது. 1936இல் நெதர்லாந்தின் உட்ரெக்டில் கோகலும் டோன்னிஸும் பயோட்டினை முதன்முதலாகப் படிகமாக எடுத்தபோது, சுமார் 250 கிலோ உலர்ந்த முட்டை மஞ்சள் கருவிலிருந்து ஒரு மில்லிகிராம் அளவுதான் கிடைத்தது. ஒரு ராத்திரிக்கு நான் ஊற்றுவது ஆறு டன் மஞ்சள் கரு. மஞ்சளில் பயோட்டின், வெள்ளையில் அதைக் கவ்விப் பிடிக்கும் அவிடின். ஒரே ஓட்டுக்குள் இரண்டும்.

வளர்க்கும் வெப்பத்தையும் குறைத்தேன். 37 டிகிரியில் புரதம் வேகமாகக் குவிகிறது, பிர்ஏ பின்னால் ஓடி வர முடியவில்லை. 18 டிகிரியில் ராத்திரி முழுக்க மெதுவாக வந்தால் ஒட்டுவதற்கு நேரம் கிடைக்கிறது. எங்கள் ஷேக்கருக்குக் குளிரூட்டும் வசதி இல்லை, சூடேற்ற மட்டும்தான் தெரியும். அதனால் அதைத் தள்ளிக்கொண்டு போய் 4 டிகிரி குளிர் அறைக்குள் வைத்து, 18க்கு சூடேற்றச் சொன்னேன். 17க்கும் 19க்கும் நடுவில் ஆடியது, பரவாயில்லை. கதவு ஓரமாக எக்ஸ்டென்ஷன் வயர் போனதற்கு ஒரு திட்டு வாங்கினேன். 2 லிட்டருக்கு 9 கிராம் செல். புரதம் 40 மில்லிகிராமிலிருந்து 18 ஆகக் குறைந்தது. செயல்பாடு 0.7இலிருந்து 6க்கு ஏறியது.

இந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பயோட்டின் உள்ள சங்கிலியை மட்டும் தனியாகப் பிரித்துவிட்டால் இன்னும் ஏறும் என்று ஆசை. அவிடின் காலத்தில் (அவிடின் பிணைத்த ரெசின் அடைத்த குழாய், ஆங்கில column) ஓட்டினால் பயோட்டின் உள்ளது ஒட்டும், இல்லாதது ஓடிவிடும். காகிதத்தில் அழகாக இருக்கிறது. முதலில் காசு மிச்சம் பிடிக்க, சாதாரண முட்டை அவிடினையே ரெசினில் பிணைத்து 2 மில்லி காலம் செய்தேன். நொதி நன்றாக ஒட்டியது. பயோட்டின் ஊற்றினேன், வரவில்லை. பிஎச் மாற்றினேன், உப்பு மாற்றினேன், வரவில்லை. அவிடின் பயோட்டினைப் பிடிக்கிற பிடி இயற்கையில் தெரிந்தவற்றிலேயே ஏறக்குறைய மிக உறுதியானது. 3 மில்லிகிராம் நொதி இன்னமும் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது. மேசை ஓரத்தில் வைத்திருக்கிறேன், நினைவுச் சின்னமாக.

இதற்கென்றே நான்கு துண்டாகப் பிரித்த ஒற்றை அவிடின் ரெசின் கிடைக்கிறது. பிடி தளர்வு, 2 மில்லிமோலார் பயோட்டினில் இறங்கிவிடும். 5 மில்லிக்கு எங்களுக்கு வந்த பில் அறுபதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. சார் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தார். முதல் ஓட்டத்தில் எதுவுமே ஒட்டவில்லை, மொத்த நொதியும் நேராக வெளியே வந்தது. ஏன்? ஊடகத்தில் நானே கொட்டின பயோட்டின் செல்லோடும் கரைசலோடும் வந்து ரெசினின் இடங்களை எல்லாம் முன்பதிவு செய்துவிட்டது. ரெசினை பிஎச் 2.8 கிளைசினில் கழுவி மீட்டு, நொதியை இரண்டு தடவை டயலிசிஸ் செய்து (சவ்வுப் பையில் வைத்துச் சிறு மூலக்கூறுகளை வெளியேற்றி), மறுபடி ஓட்டினேன். இந்த முறை ஒட்டியது, இறங்கியது. செயல்பாடு 6இலிருந்து 6.8.

அறுபதாயிரத்துக்கு 0.8. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. நொதி நான்கு சங்கிலி. நான்கில் ஒன்றில் பயோட்டின் இருந்தாலும் அந்த மொத்தக் கூட்டமும் காலத்தில் ஒட்டும். வெறும் சங்கிலிகள் மூன்று ஓசிப் பயணம். பயோட்டினே இல்லாத கூட்டம் மட்டும்தான் வெளியே போகும், பிர்ஏ போட்ட பிறகு அப்படிப்பட்டது குறைவு. காலத்தால் இதற்கு மேல் முடியாது. வேலை எல்லாம் ஃபிளாஸ்கில்தான் நடக்க வேண்டும்.

எவ்வளவு சங்கிலியில் பயோட்டின் இருக்கிறது என்று எண்ணுவதற்கு ஜெல் நகர்வுச் சோதனை எனக்கு ஒத்துவந்தது. புரதத்தை முதலில் எஸ்டிஎஸ் சாயத்தில் கொதிக்கவைத்துப் பிரித்து, ஆறவிட்டு, ஸ்ட்ரெப்டவிடினைத் தாராளமாகச் சேர்த்து, அப்படியே ஜெல்லில் ஏற்ற வேண்டும். பயோட்டின் உள்ள சங்கிலி ஸ்ட்ரெப்டவிடினைச் சுமந்துகொண்டு மேலே நின்றுவிடும். இல்லாதது வழக்கமான இடத்துக்கு வரும். நான் முதல் தடவை ஸ்ட்ரெப்டவிடின் சேர்த்த பிறகு, பழக்க தோஷத்தில், குழாயை 95 டிகிரியில் இன்னொரு தடவை வைத்தேன். எதுவுமே நகரவில்லை. பயோட்டின் பூஜ்ஜியம் என்று ஒரு வாரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தேன். சேர்த்த பிறகு சூடு காட்டக் கூடாது, அவ்வளவுதான். சரியாகச் செய்தபோது முதல் வளர்ப்பில் பத்தில் ஒரு பங்குகூட நகரவில்லை. பிர்ஏ வளர்ப்பில் பாதிக்கு மேல். பயோட்டினை ஒழுங்காகக் கரைத்துப் போட்ட வளர்ப்பில் 85 சதவீதம். அந்தக் கடைசி நொதி, வெறும் நிக்கல் காலம் மட்டும் ஓட்டியது, மில்லிகிராமுக்கு 9 யூனிட் கொடுத்தது. அவிடின் ரெசின் பெட்டியை மூடி ஃபிரிட்ஜின் பின்வரிசையில் வைத்துவிட்டேன்.

அதன் பிறகும் ஒரு குழப்பம் மிச்சம் இருந்தது. காலையில் 9, மத்தியானம் 5, சாயங்காலம் 3. ஒரே குழாய். மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் செறிவில் வைத்திருந்த ஸ்டாக் நன்றாகத்தான் இருந்தது. அளப்பதற்காக 500 மடங்கு நீர்க்கவைத்து ஐஸில் வைத்த குழாய்தான் தேய்ந்துகொண்டே போனது. நீர்க்கவைத்தால் நான்கு சங்கிலியும் பிரிந்து போகின்றன என்பது என் கணக்கு. கோழி ஈரல் நொதி குளிரிலும் இப்படித்தான் உதிரும் என்பது பழைய செய்தி. நீர்க்கவைக்கும் பஃபரில் 10 சதவீதம் கிளிசரால், கொஞ்சம் பிஎஸ்ஏ புரதம், 0.1 மில்லிமோலார் அசிட்டைல்-கோஏ சேர்த்து, ஐஸுக்குப் பதிலாக மேசை மேலேயே வைத்தேன். இரண்டு மணி நேரம் அசையவில்லை. அதற்கு மேல் தேவையும் இல்லை; ஒரு குவெட்டுக்கு 2 மைக்ரோகிராம்கூட வேண்டாம்.

அசிட்டைல்-கோஏ இந்த நொதியை முடுக்கிவிடும் பொருள். அது இல்லாமல் ஓட்டினால் வேகம் பத்தில் ஒன்றுக்கும் கீழே. ஆனால் விலை வயிற்றைக் கலக்கும். 10 மில்லிகிராம் எங்களுக்குப் பதினெட்டாயிரம். 0.25 மில்லிமோலார் வீதம் 1 மில்லி குவெட்டுக்கு 0.2 மில்லிகிராம், அதாவது ஒரு குவெட்டுக்கு 360 ரூபாய். பிரியாணி சாப்பிடலாம். அதனால் 96 குழித் தட்டில் 200 மைக்ரோலிட்டருக்கு மாறினேன். மாறின அன்றே செயல்பாடு பாதியாகிவிட்டது என்று பதறி, அப்புறம் பார்த்தால் தட்டில் ஒளி போகிற ஆழம் 1 சென்டிமீட்டர் இல்லை. பழைய கணக்கையே போட்டிருக்கிறேன். என்ஏடிஎச் தெரிந்த அளவு போட்டு ஆழத்தை அளந்து வகுத்ததும் எண் திரும்பி வந்தது.

குணங்களை அளக்கும் பகுதி அதிகம் சொல்வதற்கில்லை, ஒழுங்கான நொதி கையில் வந்ததும் பத்து நாளில் முடிந்தது. இரண்டு இடத்தில் வழுக்கினேன். பைகார்பனேட் சேர்க்காத குவெட்டிலும் பத்தில் ஒரு பங்கு வேகம் இருந்தது. காற்றிலிருந்து கரைந்த கார்பன் டை ஆக்சைடுதான் காரணம். தண்ணீரைக் கொதிக்கவைத்து, நைட்ரஜன் குமிழ் விட்டு, அன்றே பஃபர் செய்தபோது பெரும்பாலும் அடங்கியது. இன்னொன்று ஆஸ்பர்டேட் (ஆஸ்பார்டிக் அமிலத்தின் உப்பு வடிவம்). இந்த நொதியை அது தடுக்கும் என்று தெரியும், ஆனால் எனக்கு 5 மில்லிமோலாரிலேயே முழுக்க நின்றுபோனது. பெரிய கண்டுபிடிப்பு என்று துள்ளினேன். ஆஸ்பார்டிக் அமில ஸ்டாக்கின் பிஎச்சைச் சரிசெய்யவே இல்லை, குவெட்டுக்குள் புளித்துப்போயிருந்தது. பிஎச் 7.8க்குக் கொண்டுவந்த ஸ்டாக்கில் தடை இருக்கிறது, ஆனால் மரியாதையான அளவில்.

மறுபடி முதலிலிருந்து என்றால், 2 லிட்டர் வளர்க்கும் முன் 5 மில்லி குழாயில் வளர்த்து, கச்சாவையே ஸ்ட்ரெப்டவிடின் பிளாட்டில் பார்ப்பேன். 22 கிலோடால்டன் பட்டையோடு ஒப்பிட்டு 126 பட்டை கறுப்பாக இருந்தால் மட்டுமே மேலே போவேன். ஒரு நாள் வேலை. முட்டைச் சோதனையைக் கடைசி மாதத்தில் செய்யாமல் முதல் வாரமே செய்வேன். முட்டை ஏழு ரூபாய். முதல் ஜெல் படத்தை மட்டும் இன்னமும் மொபைலிலிருந்து அழிக்கவில்லை.

இப்போது 1119ஆவது லைசினைக் குளூட்டமினாக மாற்றிய ஜீனை வளர்க்கிறேன். அதில் பயோட்டின் ஒட்டவே இடம் கிடையாது, அதனால் பூஜ்ஜியம் வந்தால் நல்லது. நேற்று ராத்திரி ஐபிடிஜி போட்டேன். ஷேக்கர் குளிர் அறைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, எக்ஸ்டென்ஷன் வயரை இந்தத் தடவை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.